நாலு பக்கத்துச் சம்மதம்

வண்டி வந்துவிட்டது. ஜல்லி வண்டி அல்ல, ஜல்லியை நேற்றே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இது கலவை மெசினைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருகிற வண்டி. அதன் சக்கரம் சாக்கடை மேல் போட்ட இரும்புப் பலகையில் ஏறி இறங்கும்போது இரும்பும் இரும்பும் இடிக்கிற சத்தம் துளசிமணிக்கு அத்துப்படி. இன்னும் விடியவில்லை. படுத்தபடியே அதைக் கேட்டாள், கேட்ட கையோடு பக்கத்தில் படுத்திருந்த மகளின் முகத்தைப் பார்த்தாள். தாரணி தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல தூக்கம்தான், உதடு லேசாகப் பிரிந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கல்யாண வயதில் இருக்கிற பெண்ணின் மூச்சை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற தாயை வெளியாட்கள் யாராவது பார்த்தால் கிறுக்கு என்பார்கள். வெளியாட்கள் பார்க்க வழியில்லை. ஜன்னல் கதவுகளைச் சாத்தி, இடுக்கில் பழந்துணி திணித்து, அதன் மேல் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தாள். கம்பளி எதைத் தடுக்கும்? வெளிச்சத்தைத் தடுக்கும், கொசுவைத் தடுக்கும். பக்கத்து மனையில் வெள்ளிங்கிரி வீட்டு மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற மெசின் ஓட ஆரம்பித்தால் காம்பவுண்டுச் சுவர் அதிரும், அதிர்வு தரை வழியாக வரும், கட்டில் கால் வழியாக ஏறும், மெத்தைக்குள் புகுந்து இந்தப் பெண்ணின் மண்டைக்குள் போகும். அதற்கு எந்தக் கம்பளி? கம்பளியைத் தொங்கவிட்டது தன் மனசு ஆற என்று அவளுக்கே தெரியும். ஏதோ ஒன்றைச் செய்தோம் என்று இருக்கவேண்டுமே. வெளியே யாரோ இருமினார்கள். யாரோ மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். மெதுவாப் போடுங்கடா பாவிகளா. அவர்கள் என்ன செய்வார்கள், அவர்களை எதற்குப் பாவி என்பது, பாவி யார் என்று இந்தப் படுக்கையில் கிடக்கிற ஒருத்திக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போட்டவள் அவள்தானே.

தூக்கம்தான் மருந்து என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன வயது டாக்டர், கண்ணாடி, பேச்சில் ஒரு அவசரம். "மாத்திரை பாதிதாம்மா, மீதிப் பாதி தூக்கம். காலைல தானா முழிக்கிற வரைக்கும் எழுப்பாதீங்க. இந்த வகை வலிப்பு தூக்கம் கெட்டு எந்திரிச்சவுடனேதான் வரும்." அவர் வலிப்பு என்ற சொல்லைச் சர்வசாதாரணமாகச் சொன்னார், சளி என்பதுபோல. துளசிமணிக்கு அந்தச் சொல் இன்றுவரை வாயில் வந்ததில்லை. அவளும் அவள் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளும்போது "அது" என்பார்கள். அது வந்துச்சா, அது வரலை. முதல் தடவை வந்தது பல்லைத் தேய்க்கிற நேரத்தில், காலேஜ் கடைசி வருஷம், பரீட்சைக்காகக் கண் விழித்துப் படித்த மறுநாள். குளியலறைக்குள் ஒரு சத்தம். கத்தல் என்றும் சொல்ல முடியாது, ஆளை யாரோ நெஞ்சில் மிதித்து உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் ஒரே அடியாக வெளியே தள்ளியதுபோல் ஒரு சத்தம், தன் மகளின் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று பெற்றவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தபோது... வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். நினைத்தால் கூப்பிட்டதுபோல் ஆகிவிடும். வேறு எதையாவது நினை. தேங்காய் விலை. வீட்டுக்காரர் நாச்சிமுத்து காங்கேயத்துக்குக் கொப்பரை லோடு ஏற்றிக்கொண்டு போனவர், களத்தில் படுத்திருப்பார், இன்று மத்தியானம் வருவார். வந்ததும் கேட்பார், அது வந்துச்சா? அடடா, எங்கே சுற்றினாலும் வண்டி இங்கேயே வந்து நிற்கிறதே. தாரணி ஒரு பெருமூச்சு விட்டாள். துளசிமணி தன் மூச்சை நிறுத்திக்கொண்டாள். மகள் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். தூங்கு கண்ணு, தூங்கு. இன்னும் விடியலை.

வெள்ளிங்கிரியின் மனையில் அஸ்திவாரம் தோண்டியபோதுதான் அது அடிக்கடி வர ஆரம்பித்தது. கீழே கல் பாறை. அதை உடைக்க ஒரு மெசின் வந்தது, கோழி கூவுகிற நேரத்துக்கே உடைக்க ஆரம்பித்தார்கள். அந்த வாரத்தில் அது மூன்று தடவை வந்தது. மூன்றாவது தடவை நாக்கைக் கடித்து, தலையணை உறையெல்லாம் ரத்தம். அந்த உறையை வெளிக்கொடியில் காயப்போடப் பயந்து குளியலறைக்குள்ளேயே காயவைத்தாள். அதற்குப் பிறகுதான் துளசிமணி வாழ்க்கையில் முதல் முறையாக வார்டுக் கூட்டத்துக்குப் போனாள். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, கவுன்சிலர் பத்மாவதி, நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி, டீ, மிக்சர். குடிதண்ணீர், தெருநாய், விளக்கு எல்லாம் முடிந்த பிறகு இவள் எழுந்தாள். "விடியறதுக்கு முன்னாடியே மெசினு ஓட்டறாங்கங்க. தூங்க முடியறதில்லீங்க. ஏழு மணிக்கு மேல ஓட்டச் சொல்லோணுங்க." பின்னால் இருந்து ஒரு ஆள், யாரென்று இன்றுவரை தெரியாது, "ஏனுங்கக்கா, இன்னும் தூங்கற வயசா உங்களுக்கு?" என்றான். சிரித்தார்கள். சிரித்தால் என்ன, அவள் நின்றாள். பரீட்சைக்குப் படிக்கிற குழந்தைகள் என்றாள், வயசானவர்கள் என்றாள், கைக்குழந்தைக்காரிகள் என்றாள், ஊரில் இருக்கிற எல்லாருடைய தூக்கத்துக்காகவும் வாதாடினாள், ஒரே ஒரு ஆளின் தூக்கத்தைத் தவிர. அதிகாரி நல்ல மனுஷன். "அம்மா, உங்க வீட்ல நோயாளி யாராச்சும் இருந்தா டாக்டர் சீட்டு ஒண்ணு வச்சு மனு குடுங்க, அந்த வீட்டச் சுத்தி நாங்களே தனியா உத்தரவு போட்டுடறோம்" என்றார். நோயாளி யாரும் இல்லீங்க என்று இவள் சொன்ன வேகத்தைப் பார்த்து அவரே ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தார். எனக்குத்தான் ஒத்தத் தலைநோவு, வேற ஒண்ணும் இல்லீங்க. அந்தக் கூடம் முழுக்கக் கல்யாணத்துக்குப் பையன் வைத்திருக்கிறவர்களும் பையன் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்தவர்களும் உட்கார்ந்திருந்தால் பெற்றவள் வேறு என்ன சொல்வாள்?

எப்படியோ தீர்மானம் வந்தது. ஏழு மணிக்கு முன்னால் கட்டட வேலைக்கு எந்த மெசினும் ஓடக்கூடாது, மீறினால் அபராதம். நம் ஊரில் தீர்மானம் போடுவதில் குறை வைக்க மாட்டார்கள், நடக்கிறதா என்பதுதான் வேறு சங்கதி. ஆனால் இது நடந்தது. கவுன்சிலர் பத்மாவதி காலையில் நடைப்பயிற்சி போகிறவள், போகிற வழியில் நின்று அதட்டினாள். மேஸ்திரிகள் முணுமுணுத்தார்கள், ஆனால் அடங்கினார்கள். அந்த வாரத்திலிருந்து தாரணிக்கு அது வரவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. காலையில் அவளாக எழுந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்று, "காப்பி இருக்காம்மா?" என்று கேட்கிறபோது துளசிமணிக்கு அழுகையாக வரும். அழுகையை மறைக்கப் பாலைக் கிளறுவாள். பெண்ணுக்கு முகம் தெளிந்தது. நூல் மில் ஆபீஸில் மத்தியானத்துக்கு மேல் வேலை பார்த்தாள். பொள்ளாச்சியிலிருந்து ஒரு இடம் வந்தது, பையன் தங்கமானவன் என்றார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள், ஆவணியில் நிச்சயம். அந்த இடத்தைக் கொண்டுவந்தது யார்? பக்கத்து மனைக்காரி சரோஜினி. வெள்ளிங்கிரியின் மனைவி. பையன் அவளுடைய சித்தப்பா பேரன். எந்த வீட்டு அஸ்திவாரம் இவள் பெண்ணைச் சாய்த்ததோ அந்த வீட்டுக்காரிதான் பெண்ணுக்கு வாழ்க்கையும் கொண்டுவந்தாள். சரோஜினி நல்லவள். கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

தீர்மானத்துக்கு ஒரு வால் இருந்தது. கான்கிரீட் போடுகிற ஒரு நாளைக்கு மட்டும், நாலு பக்கத்து வீட்டுக்காரர்களும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், முன்கூட்டியே ஆரம்பிக்கலாம். தளம் போடுவதை நடுவில் நிறுத்த முடியாது, வெயில் ஏறினால் விரிசல் விடும், ஆட்களும் சுருண்டுவிடுவார்கள். நியாயம்தான். எல்லாமே நியாயம்தான், அதுதான் இந்த ஊரில் பெரிய கொடுமை. போன வாரம் சாயங்காலம் புருஷனும் பெண்சாதியுமாக வந்தார்கள், தட்டில் வெற்றிலை, பழம், மல்லிகைப்பூ, அதன் அடியில் காகிதம். சம்மதம் கேட்க வந்தவர்கள் சம்பந்தம் பேச வருகிறவர்கள் மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். "மத்த மூணு பேரும் போட்டுட்டாங்கக்கா. நீங்கதான் பாக்கி" என்றார் வெள்ளிங்கிரி. "மேஸ்திரி நல்ல நேரம் பாத்திருக்காருங்க. விடியறதுக்குள்ள பூசை போட்டு ஆரம்பிச்சரலாம்னு." சரோஜினி சிரித்தாள். "அக்கா போடாம இருப்பாங்களா? நாளைக்குச் சம்பந்தம் பண்ணி ஒறம்பரையாகப் போறவங்க." தாரணி அப்போது உள்ளே நின்றுகொண்டிருந்தாள். கதவு நிலைக்குப் பக்கத்தில் அவள் தாவணி நுனி தெரிந்தது. துளசிமணி சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, ஏழு மணிக்கே ஆரம்பிச்சுக்கங்க அம்முணி, என்று. சொன்னால் ஏன் என்பார்கள். தலைநோவு என்றால், ஒரு நாள் தலைநோவைப் பொறுக்க மாட்டாளா என்று நினைப்பார்கள். அப்புறம் யோசிப்பார்கள். ஜன்னல் ஏன் எப்போதும் சாத்தியிருக்கிறது, பெண் ஏன் காலையில் வாசலுக்கு வருவதே இல்லை, மாதா மாதம் கோயமுத்தூருக்கு எதற்குப் போகிறார்கள் என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவார்கள். முடிச்சுப் போட அரை மணி நேரம் போதும், அதைப் பொள்ளாச்சிக்குச் சொல்ல ஒரு போன் போதும். காகிதத்தில் மூன்று கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. அவள் போட்டாள். பெயரைக் கொட்டை எழுத்தில், தெளிவாக. போட்டுவிட்டுக் காப்பி கலக்க எழுந்தாள். அவர்கள் போன பிறகு தாரணி வந்து தட்டிலிருந்த பூவை எடுத்து முகர்ந்தாள். "பரவால்லம்மா. ஒரு நாள்தானே" என்றாள். மகள் தாய்க்குச் சமாதானம் சொல்கிற நிலைமை.

மகளை வேறு எங்காவது கொண்டுபோய் ஒரு ராத்திரி தூங்க வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். துளசிமணியும் கேட்டுக்கொண்டாள், ஒரு வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பல்லடத்தில் தங்கச்சி வீடு இருக்கிறது, தங்கச்சிக்கே இந்த விஷயம் தெரியாது. இடம் மாறினால் தாரணிக்குத் தூக்கம் வராது, புது இடத்தில் வந்து தொலைத்தால் தங்கச்சி மாமியார் வாயை யார் மூடுவது. லாட்ஜில் ரூம் போடலாம். சொந்த ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு தாயும் மகளும் லாட்ஜுக்குப் போனால் அது வேறு கதையாகிவிடும். நாச்சிமுத்துவிடம் போனில் கேட்டாள். "கையெழுத்துப் போட்டது செரிதான் துளசி. போடாம இருந்தாத்தான் வம்பு. காதுல பஞ்சு வச்சு விடு" என்றார். பஞ்சு வைத்தாள், இப்போது பார்த்தால் ஒரு காதுப் பஞ்சு தலையணையில் கிடக்கிறது. எடுத்துத் திரும்ப வைக்கலாமா? தொட்டால் விழித்துக்கொள்வாள். தொடாவிட்டால் மெசின் எழுப்பிவிடும். கையை நீட்டினாள், மடக்கிக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். சரி, இந்த ஒரு நாள் போகட்டும். ஆவணிக்கு அப்புறம்? அங்கே பொள்ளாச்சியில் மாமியார் விடியலுக்கு முன்னே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவள் என்று சரோஜினி பெருமையாகச் சொன்னாள். புது மருமகள் ஏழு மணிவரை படுத்துக் கிடந்தால் என்ன சொல்வார்கள்? கதவைத் தட்டுவார்கள். தட்ட வேண்டாம், பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால் போதும், மருமகள் எழுந்துவிடுவாள், எழுந்தாக வேண்டும். அந்த வீட்டுக்கு எந்த நகராட்சி தீர்மானம் போடும்? அங்கே எந்தக் கவுன்சிலர் வந்து அதட்டுவாள்? மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பாள், அரிசிப் பானைக்குள்ளா? "சொல்லிரலாம்மா" என்று தாரணி ஒரு நாள் சொன்னாள். "அவர்கிட்ட மட்டுமாச்சும் நான் சொல்லிடறேன். கேட்டுட்டு வேண்டாம்னா போகட்டும்." அன்றைக்குத் துளசிமணி மகளை அடிக்கவில்லை, ஆனால் அடித்திருந்தால் தேவலை, அப்படிப் பேசினாள். என்னைக் கொல்றதுக்குன்னே பொறந்தியா என்றாள். பெற்ற வாயால் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருக்கக் கூடாதா? இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருக்க மாட்டோமா? மாட்டோம். அதுவும் தெரியும்.

கற்பூர வாசனை வந்தது. மணி அடித்தார்கள். தேங்காய் உடைகிற சத்தம். அப்புறம் ஒரு கணம் எதுவும் இல்லை, அந்தக் கணத்தில் துளசிமணி மகளின் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்து, மேல் காதை உள்ளங்கையால் மூடினாள். மெசின் இரண்டு தடவை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஜல்லி உள்ளே விழுந்து உருண்டது. அதற்கு மேல் அது சத்தமாகவே இல்லை, அறையே அதுவாக இருந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது, ஸ்டாண்டில் தட்டுகள் நடுங்கின, கலவையை இறுக்குகிற வைப்ரேட்டரை யாரோ கம்பிக்குள் விட்டதும் தன் பல்லே கூசுவதை அவள் உணர்ந்தாள். தாரணி தூங்கினாள். அட, தூங்குகிறாளே! முருகா, தூங்குகிறாள். பஞ்சு வேலை செய்கிறதா, மாத்திரை வேலை செய்கிறதா, தாயின் கை வேலை செய்கிறதா. ஒருவேளை இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீண் பயமோ. ஒருவேளை அது போயே போய்விட்டதோ. பொள்ளாச்சியிலும் தூங்கிவிடுவாளோ, எல்லாம் சரியாகிவிடுமோ, ஒரு பேரனோ பேத்தியோ என்று மனசு அதன் பாட்டுக்கு எங்கேயோ ஓட, அவள் கீழே பார்த்தாள். தாரணியின் கண் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது? "கண்ணு, முழிச்சுட்டியா?" பதில் சொல்ல அந்தப் பெண் வாயைத் திறந்தாள். வலது கை ஒரு முறை வெட்டி இழுத்தது, யாரோ கயிற்றைச் சுண்டிவிட்டதுபோல. இன்னொரு முறை. "அம்மா" என்றாள், பாதிதான் வந்தது. மீதிப் பாதி அந்தச் சத்தமாக வந்தது.

துளசிமணி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள், வாய்க்குள் எதையும் வைக்கவில்லை, கையைக் காலைப் பிடித்து அமுக்கவில்லை, டாக்டர் சொன்னபடியே எல்லாம். கட்டில் அதிர்ந்தது மெசினாலா மகளாலா என்று தெரியவில்லை. அப்போதுதான் வெளியே மெசின் நின்றது. தண்ணீர் டிரம் காலி என்று யாரோ கத்தினார்கள். திடீரென்று ஊரே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் தாரணியின் தொண்டை ஒலி அறை முழுக்கக் கேட்டது, கட்டில் சுவரில் இடிக்கிறது கேட்டது, எச்சில் குமிழி உடைகிறதுகூடக் கேட்டது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜினியின் குரல். "அக்கா! எந்திரிச்சுட்டீங்களா? பிரசாதம் வாங்கிக்கங்க!" கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். துளசிமணி மகளின் தாடையை விடாமல் பிடித்துக்கொண்டு, குரலில் சிரிப்பைக்கூட வரவழைத்துக்கொண்டு, "இதோ வந்தறேன் அம்முணி!" என்றாள். ஓட்டுங்கடா. மெசினை ஓட்டுங்கடா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், ஓட்டித் தொலைங்கடா. எந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி அத்தனை பேர் முன்னால் நின்றாளோ அந்தச் சத்தத்துக்காக அவள் குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். தண்ணீர் ஊற்றுகிற ஓசை கேட்டது. மெசின் செருமியது. நின்றது. மறுபடி செருமி, பிடித்துக்கொண்டது. அவள் அழுதாள், இப்போது வாய்விட்டு அழலாம், யாருக்கும் கேட்காது.

வெகுநேரம் கழித்துத் தாரணிக்குப் பிரக்ஞை வந்தது. கம்பளி ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடித்த நாக்கு சரியாகப் புரளவில்லை.

"சத்தம் போட்டேனாம்மா?"

துளசிமணி அவள் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"யாருக்காச்சும் கேட்டுச்சா?"

"இல்ல கண்ணு. மெசின் ஓடிட்டிருந்துச்சு."

"அப்பச் செரி" என்றாள் தாரணி. கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த மூச்சிலேயே தூங்கிப்போனாள், அது வந்துபோன பிறகு வருகிற தூக்கம், கல் மாதிரி. மெசின் ஓடிக்கொண்டே இருந்தது.